இடுக்கணும் இளந்தலைமுறையும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும்போது வயது முதிர்ந்தவர்களிடம், "நீங்கள் பிறந்த ஆண்டு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஆண்டின் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தார்களே, அந்த வருஷத்தில் நான் கைக்குழந்தை" என்பார் ஒரு பெரியவர். "ஆற்றில் வெள்ளம் வந்து வைக்கோற்போர் மிதந்து போயிற்றே, அதற்கு அடுத்த தை மாதத்தில் எனக்குக் கலியாணம்" என்பார் ஒரு மூதாட்டி. காலத்தை அளக்க அவர்கள் கைக்கொண்டிருக்கும் கோல் பஞ்சாங்கம் அன்று. தாங்கள் பட்ட கஷ்டமே ஆகும்.

இதில் வியப்பில்லை. பெரிய இடர் ஒன்று ஒரு மனிதனின் வாழ்வை 'அதற்கு முன்', 'அதற்குப் பின்' என இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆனால் அது அந்த மனிதனோடு நின்றுவிடுவதில்லை என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு வீசிற்று. அது கடலில் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் சாமர்த்தியமும் துணிவும் மிக்கவனை, "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த இரவின் அச்சத்தை அறியாத கொள்ளுப்பேரனும் அந்த அச்சத்திற்குப் பிறந்த சொல்லை வழங்குகிறான். ஒரு சொல்லே இவ்வாறு இறங்கி வருமானால், பசியும் கடனும் நோயும் எவ்வளவு தூரம் இறங்கி வரும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கஷ்டம் இறங்கும் வழிகள்

பெற்றோர் பட்ட துன்பம் பிள்ளைகளிடம் சேரும் வழிகள் நான்கு எனலாம்.

முதலாவது, உடல். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாதபடி ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படையினர் தடுத்தனர். நாள் ஒன்றுக்கு ஒருவருக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கிற்று. 1945 மே மாதத்தில் விடுதலை வந்ததும் உணவும் வந்துவிட்டது. பஞ்சம் சில மாதங்களே நீடித்தது. ஆனால் அப்பொழுது தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, நடுவயதில் அவர்களிடையே உடற்பருமன், இருதய நோய், சர்க்கரை நோய்க்குரிய அறிகுறிகள் ஆகியவை மற்றவரைவிட மிகுதியாய்க் காணப்பட்டன. கருவுற்ற முதல் மாதங்களிலேயே தாய் பட்டினி கிடந்த குழந்தைகளின் மரபணு ஒன்றின்மேல் அமைந்த இரசாயனக் குறிகள், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுடைய உடன்பிறந்தாரின் குறிகளினின்று மாறுபட்டிருந்ததை 2008-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். பிறக்கு முன்னரே பட்ட பசியை உடல் மறக்கவில்லை.

இரண்டாவது, வீட்டுப் பழக்கம். பஞ்சம் கண்ட பாட்டி ஒரு பருக்கைச் சோற்றையும் கீழே விடமாட்டாள். குதிரில் அடுத்த ஆண்டிற்கான நெல் இல்லாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது. அதைப் பார்த்து வளரும் பேரனிடம் சிக்கனம் படிகிறது. சில வீடுகளில் அச்சமும் உடன் படிகிறது.

மூன்றாவது, உடைமை. கஷ்ட காலத்தில் விற்ற நிலமும், அடகு வைத்த நகையும், இடையில் நின்ற படிப்பும் அந்த வீட்டிற்கு எளிதில் திரும்புவதில்லை. தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டால், மகனுடைய வீட்டுப் பாடத்தைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. துன்பம் தலைமுறை கடக்கும் வழிகளில் இதுவே பெருவழி. கிராம ஊழியர்கள் தடுக்கக்கூடியதும் இதுவே.

நான்காவது, பொது ஏற்பாடு. ஒரு தலைமுறை பட்ட துன்பத்தினின்று சட்டமோ, கால்வாயோ, மருத்துவமனையோ, பள்ளி உணவோ பிறக்குமானால், அது பின்வருவோருக்கு ஆஸ்தியாகிறது. ஆகவே இடுக்கண் என்பது கடனாகவும் இறங்கலாம், சொத்தாகவும் இறங்கலாம். எது இறங்குவது என்பதில் நமக்கும் பங்குண்டு. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களே போதும்.

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் முன்னோர் அழைத்தனர். மாண்டவர் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. மழையே நம்பியிருக்கும் அந்த ஏரிகள் அடுத்தடுத்து வறண்டதும், குடியானவனும் கூலிக்காரனும் ஒன்றாய்த் தெருவுக்கு வந்தனர். நிவாரண வேலை செய்வோருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே அடிப்படைக் கூலி என்று 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார்; நமது கணக்கில் இது நானூற்றைம்பது கிராம் அளவே. மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று அக்காலத்துச் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார்.

நமது பகுதியின் கிழக்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்ப்பவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர்ப் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அப்பொழுது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே முழுக் கால்வாய்க்கும் வழங்கலாயிற்று. வெட்டியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அந்தப் பஞ்சம் இரண்டு பிள்ளைகளைப் பெற்றது. ஒன்று பிரிவு. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஜில்லாக்களினின்று நேட்டாலுக்கும் பிற கடல் கடந்த நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர் பலர். அங்கே தமிழ் பேச மறந்த கொள்ளுப்பேரர்கள், கப்பல் பதிவேட்டில் எழுதிய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு தம் பூர்விகத்தைத் தேடுகிறார்கள். மற்றொன்று பாடம். 1880-இன் பஞ்சக் கமிஷன் அறிக்கையைத் தொடர்ந்து 1883-இல் பஞ்ச விதித் தொகுப்பு உருவாயிற்று. பஞ்சம் வருமுன் அதன் அறிகுறிகளைக் கண்டறிவது, வேலை கொடுப்பது, வேலை செய்ய இயலாதவருக்கு உணவளிப்பது என்ற முறை அதில் வகுக்கப்பட்டது. இன்று நாம் நடத்தும் நிவாரணப் பணிகளின் வேர் அங்கே இருக்கிறது.

நிலமும் தலைமுறையும்

உடைமை வழியே துன்பம் இறங்குவதற்கு இந்த ஜில்லாவே ஒரு பெரிய சான்று. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், சேரிகளில் வாழ்ந்த உழைப்பாளி மக்களின் நிலையை நேரிற் கண்டு ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் வறுமைக்குக் காரணம் சோம்பலன்று. தங்களுக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாமையும், குடியிருக்கும் மனையும் பிறருடையதாய் இருந்தமையும், தந்தை பட்ட கடனுக்கு மகன் உழைக்கும் கட்டுமே காரணம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் ஓர் அரசாங்க உத்தரவு பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கவும், முதற் பத்து ஆண்டுகளுக்கு அதனை விற்கவோ மாற்றவோ கூடாதெனவும், அதன் பின்னரும் அவ்வகுப்பினருக்கே மாற்றலாமெனவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 'பஞ்சமி நிலம்' என வழங்குவது இதுவே.

அந்த நிலத்தில் பெரும் பகுதி பின்னர் வேறு கைகளுக்குப் போய்விட்டது. கலியாணம், நோய், பஞ்சம் என்று ஏதேனும் ஓர் இடர் வரும்போது அவசரக் கடனுக்கு ஈடாகப் போனவை எத்தனையோ. நிலம் நிலைத்த வீட்டுப் பேரனையும், நிலம் போன வீட்டுப் பேரனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். நான்காம் தலைமுறையின் கல்வியை முதல் தலைமுறையின் பட்டா எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்பது புலப்படும்.

ஆரோக்கியசாலை

தாம்பரம் என்றதும் பலருக்கு ரயில் நிலையம் நினைவுக்கு வரும். முதியோர் சிலருக்குச் 'சானடோரியம்' நினைவுக்கு வரும். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய காசநோய் ஆரோக்கியசாலை அது. பின்னர் 1937-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஊசி மருந்துகளும் மாத்திரைகளும் வருமுன், நல்ல காற்று, ஓய்வு, உணவு இவையே மருந்து. உழைத்துச் சோறு போட்டவர் மாதக்கணக்கில் படுக்கையிலிருக்க, பிள்ளைகள் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார்கள். நோய் ஒருவருக்கு வந்தது. அதன் விலையை மூவர் நால்வர் செலுத்தினர்.

இதை மாற்றியது சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகள் தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் ஆரோக்கியசாலையில் இருப்பவரைப் போலவே குணமடைவதையும், அதனால் வீட்டாருக்குத் தனி ஆபத்து மிகுவதில்லை என்பதையும் 1959-இல் உலகிற்குக் காட்டிற்று. நோயாளி குடும்பத்தை விட்டுப் பிரியவேண்டியதில்லை என்ற இந்த ஒரு முடிவு எத்தனை பிள்ளைகளின் படிப்பைக் காத்திருக்கும்!

அதே தாம்பரம் மருத்துவமனை பின்னர் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரல் 1-இல் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்றாக இதுவும் அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் பெற்றோர் இருவரும் மடிய, பாட்டன் பாட்டியால் வளர்க்கப்பட்ட பிள்ளைகளைக் கிராமங்களில் நாமே கண்டிருக்கிறோம். இன்று தாய் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கு நோய் செல்லாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு தலைமுறையின் துன்பம் அடுத்த தலைமுறைக்கு இறங்கும் வாயிலை மனித முயற்சி அடைத்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

2015 டிசம்பர்: நாம் செய்த பிழை

இனி நம் அனுபவத்தைச் சொல்லவேண்டும். அது பெருமைக்குரியதன்று; ஆயினும் பயனுடையது.

2015 நவம்பரில் தீபாவளிக்குப் பின் மழை வலுத்து, மாத நடுவில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் படகு விட்டு மக்களை மீட்க நேர்ந்தது. மழை சற்று ஓய்ந்த நாட்களில், அடையாற்றின் மேற்பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் நிவாரண முகாமுக்கு இடம் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பெரிய சாலையை ஒட்டிய புதிய கட்டிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். லாரி வந்து நிற்க வசதி, கழிவறை வசதி, மின்சார வசதி எல்லாம் அதில் இருந்தன.

அன்று மாலை, எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார்.

"ஐயா, அந்தக் கட்டிடம் வேண்டாம். எண்பத்தைந்தாம் வருஷம் அந்த இடம் முழுவதும் தண்ணீர். அப்போது அது எங்கள் நஞ்சை. கோயில் மேட்டில் வையுங்கள். அங்கே மட்டும் தண்ணீர் ஏறவில்லை" என்றார்.

"பாட்டி, செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று மணிக்கு மணி செய்தி வருகிறது. கவலைப்படாதீர்கள்" என்றோம்.

"செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் நமக்கு எதற்கு ஐயா வருகிறது? அது நமக்குக் கீழே போய்த்தானே ஆற்றில் விழுகிறது! மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் கலங்கல் வழிந்தால்தான் நமக்கு ஆபத்து. அதைக் கேட்டீர்களா?"

நாம் கேட்கவில்லை. கிழவி சொல்வதைக் கோப்பில் எப்படி எழுதுவது என்றே எண்ணினோம். சொன்னதற்கு நன்றி கூறி அனுப்பிவிட்டோம்.

டிசம்பர் 1-ஆம் தேதி பகலும் இரவும் மழை கொட்டியது. 2-ஆம் தேதி காலை வரை இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதை நாடே பேசிற்று. ஆனால் அந்த நீர் திருநீர்மலைக்கு அருகில் ஆற்றோடு கலப்பது. அதற்கு மேலே உள்ள ஊர்களில் ஏறிய நீர், மூதாட்டி சொன்னபடியே, மேற்கேயுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். இரவு பத்து மணிக்கு நமது முகாம் கட்டிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அரிசி மூட்டைகளும் போர்வைகளும் நனைந்தன. குழந்தைகளையும் முதியோரையும் இருட்டில் கைகோத்து, இடுப்பளவு நீரில், கோயில் மேட்டிற்கு அழைத்துச் சென்றோம். வழிகாட்டி முன்னே சென்றவர் அந்த மூதாட்டியின் மகன். உயிர்ச்சேதம் இல்லாமற் போனது நமது திறமையால் அன்று.

நாம் அன்று தள்ளிவிட்டது ஒரு கிழவியின் பேச்சு மட்டுமன்று. 1985-இல் அந்த ஊர் பட்ட துன்பத்தினின்று சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்தை. நஞ்சை வீட்டுமனையாகி, ஊருக்குப் புதிதாய் வந்தோர் பழங்குடிகளைவிடப் பலமடங்கு பெருகியபின், அந்தச் சொத்து கைமாற வழியில்லாமற் போயிற்று. தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் இது பெரிய குறை. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி நீர் வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும் தொடரை அறிந்த நீர்க்கட்டிகள் முன்னாளில் இருந்தனர். அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். வரத்துக்கால் எது, போக்குக்கால் எது என்று தெரியாதவர்கள் அதன்மேல் வீடு கட்டி, வெள்ளம் வந்ததும் விதியை நொந்துகொள்கிறார்கள்.

ஒரே வெள்ளம், இரண்டு வீடு

அதே கிராமத்தில் அடுத்தடுத்த இரு வீடுகளை நாம் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறோம்.

ஒரு வீட்டில் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். வண்டி மூன்று நாள் நீரில் கிடந்து கெட்டது. பழுது பார்க்க வட்டிக்கு வாங்கினார். வட்டி கட்ட மறுபடியும் வாங்கினார். பத்தாம் வகுப்பிலிருந்த மூத்த பெண்ணின் சான்றிதழ்களும் புத்தகங்களும் நீரோடு போயின. நகல் சான்றிதழுக்குச் சிறப்பு முகாம் நடந்தது. ஆனால் வேலைக்குப் போனால்தான் அன்றைய சோறு என்ற நிலையில் அவர்கள் முகாமுக்கு வரவில்லை. அந்தப் பெண் அடுத்த ஆண்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினெட்டு முடிந்ததும் கலியாணம். இன்று அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. எடை குறைவு என்று அங்கன்வாடியில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது பிறவாத குழந்தை அது.

அடுத்த வீடு அந்த மூதாட்டியின் வீடு. சுவர் இடிந்தது, இரண்டு மாடுகள் போயின. ஆனால் மருமகள் மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர். குழுக்கடன் குறைந்த வட்டியில் கிடைத்தது. எட்டாம் வகுப்பிலிருந்த பேத்தியைத் தலைமையாசிரியை வீட்டிற்கே வந்து அழைத்துப் போனார். மழைச் சத்தம் கேட்டால் முதல் ஓராண்டு அந்தப் பெண்ணுக்கு உறக்கம் வராதாம். பாட்டி அருகில் படுத்துக்கொண்டு எண்பத்தைந்தாம் வருஷத்துக் கதையைச் சொல்லுவாராம்; 'அன்றும் விடிந்தது' என்று முடிப்பாராம். அச்சம் கதையாயிற்று, கதை அறிவாயிற்று.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அந்தப் பெண் செவிலியர் பயிற்சி மாணவி. மூதாட்டி அப்பொழுது உயிரோடில்லை. பேத்தியும் தெருப்பிள்ளைகளும் முன்னதாகவே 2015-இன் நீர்மட்டத்தைச் சுவர்களில் கோடிட்டு வைத்திருந்தனர். மேற்கு ஏரிகள் கலங்கல் வழிவதைத் தொலைபேசியில் கேட்டறிந்து, பதினேழு குடும்பங்களைப் பகலிலேயே கோயில் மேட்டிற்கு ஏற்றிவிட்டனர். நமது உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. ஆற்றை அகலப்படுத்தியதும், மூடு கால்வாய்கள் அமைத்ததும் நீர் விரைவில் வடியத் துணை செய்தன. ஆனால் வெள்ளத்தை முன்கூட்டி அறிந்தது கால்வாயன்று, கதை.

இரு வீடுகளுக்கும் வந்தது ஒரே வெள்ளம். ஒன்றில் கடனாய் இறங்கிற்று. மற்றொன்றில் அறிவாய் இறங்கிற்று. வேறுபாடு குணத்தில் இல்லை. குறைந்த வட்டிக் கடன், பள்ளியை விடாமை, பேச ஒரு பெரியவர் ஆகிய மூன்றிலேயே இருந்தது.

அமெரிக்காவில் 1929-க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆராய்ச்சியைக் கிளென் எல்டர் என்ற சமூகவியலார் 1974-இல் நூலாக வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில், அப்பொழுது பத்து வயதை எட்டியிருந்த பிள்ளைகள் சிறு வேலைகள் செய்தும் வீட்டுப் பொறுப்பை ஏற்றும் உறுதிபெற்றனர். பின்னர் பெர்க்லியில் ஆராய்ந்தபோது, அந்நாளில் மிக இளங்குழந்தைகளாய் இருந்தோர், சிறப்பாக ஆண் குழந்தைகள், மிகுதியாய் அடிபட்டிருந்தது தெரிந்தது. துன்பம் எந்த வயதில் தாக்குகிறது, அப்பொழுது யார் துணையிருக்கிறார்கள் என்பவையே பயனை நிர்ணயிக்கின்றன என்பது அவர் கண்டது. நமது கிராமத்து இரு வீடுகளும் அதையே சொல்லுகின்றன.

இடம் மாறிய குடும்பங்கள்

பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் இங்குக் குறிப்பிடவேண்டும். 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றோரங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் அங்குக் குடியேற்றப்பட்டன. ஓலைக் குடிசைக்குப் பதில் காரை வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பள்ளி ஆண்டின் நடுவே இடம் மாறிய பிள்ளைகளில் சிலர் மறுபடி வகுப்பிற்குத் திரும்பவில்லை. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே சென்ற பெண்களுக்கு வேலையிடம் பேருந்துத் தொலைவாயிற்று. அக்கம்பக்கம் பிரிந்தது. வெள்ளத்தில் போனவை பண்டங்கள். இடமாற்றத்தில் போனவை உறவுகள். குடியேற்றம் என்பது சாவி கொடுப்பதோடு முடிவதன்று. பள்ளி, வேலை, பேருந்து, பழைய அண்டை வீட்டார் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால்தான் முடியும்.

செய்யவேண்டியவை

கிராம ஊழியர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் செய்யக்கூடியவை பல. பெரும் பணம் தேவைப்படாதவை அவற்றுள் சில.

ஒன்று: ஊர்தோறும் வெள்ள நீர்மட்டத்தைப் பள்ளி, கோயில், பஞ்சாயத்து அலுவலகச் சுவர்களில் ஆண்டோடு குறித்து வையுங்கள். மார்ச் 22-இல் தண்ணீர் தினத்துக் கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1-இல் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே மற்றொரு கிராம சபை கூடுகிறது. அவ்விரு நாட்களிலும் ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்து, எந்த ஏரி வழிந்தால் எந்தத் தெருவில் நீர் ஏறும் என்பதைச் சொல்லச் செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கிழவி சொன்னதை எப்படி எழுதுவது என்று நாம் திகைத்த கேள்விக்கு விடை இதுதான்.

இரண்டு: இடர் வந்த மறுவாரமே பள்ளிப் பதிவேட்டையும் அங்கன்வாடிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ச் செல்லுங்கள். வராத பிள்ளை யார், கருவுற்ற தாய் யார், பால் குடிக்கும் குழந்தை எங்கே என்று பாருங்கள். நிவாரணப் பொருள் ஒரு மாதம் தாங்கும். விட்டுப்போன படிப்பு ஓர் ஆயுளைத் தின்னும்.

மூன்று: கந்துவட்டிக்காரனுக்கு முன் சுய உதவிக் குழுவும் கூட்டுறவுச் சங்கமும் அந்த வீட்டுத் திண்ணைக்குச் செல்லவேண்டும். நகல் சான்றிதழ் முகாமை, கூலிக்காரர் வரக்கூடிய மாலை வேளையில் நடத்துங்கள்.

நான்கு: மழைச் சத்தத்திற்கு நடுங்கும் குழந்தையையும், பேசாமல் உட்கார்ந்திருக்கும் தகப்பனையும் கோழை என்று எண்ணவேண்டாம். அடிபட்ட கால் நொண்டுவதுபோல் அடிபட்ட மனமும் நொண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

நல்லதும் தலைமுறை கடந்து இறங்கும் என்பதை மறக்கலாகாது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் நம் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவு பரவலாயிற்று. பள்ளி உணவு உண்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு குறைந்திருக்கிறது என்று இந்தியா முழுவதற்குமான புள்ளிவிவரங்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி ஒன்று 2021-இல் வெளிவந்தது. அன்று தட்டில் விழுந்த ஒரு கரண்டிச் சோறு, இன்னும் பிறவாத பேரக்குழந்தைக்கும் சேர்ந்திருக்கிறது.

அந்த ஆட்டோக்காரர் வீட்டுக் குழந்தைக்கு இப்பொழுது இரண்டு வயது. அதன் எடை மாதந்தோறும் நமது ஒன்றியத்து அங்கன்வாடியில் குறிக்கப்படுகிறது. சென்ற மாதம் கோடு சற்று மேலே ஏறியிருந்தது. அதன் தாயைப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு எழுத வைக்க அதே தெருவின் செவிலிப் பெண் முயன்று வருகிறாள். 2015-இல் தொடங்கிய ஒரு கடனை அந்த வீட்டில் இந்தத் தலைமுறையோடு நிறுத்திவிட முடியுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. முடியும் என்றே நம்புகிறோம். அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது, கோயில் மேட்டின் கதையை அதற்கும் யாரேனும் சொல்லவேண்டும்.